பல்லாரட்டில் காசு பார்த்தது யார்? தோண்டியவனா, கொட்டகைக்காரனா?

சுரங்கத்தான்:
ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள பல்லாரட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் "தங்கமும் நாடகமும் சேர்ந்து வளர்த்த ஊர்" என்று உருகுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே தங்கம் கிடைத்தது 1851இல். அடுத்த சில வருடங்களில் மெயின் ரோட்டில் விக்டோரியா, மான்டெசூமா, சார்லி நேப்பியர் என்று கொட்டகைகள் முளைத்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு மதுக்கடை ஓட்டலோடு ஒட்டியே இருந்தது. காரணம் தெரிந்ததுதான். இடைவேளையில் குடிப்பான், ஆட்டம் முடிந்த பிறகும் குடிப்பான். டிக்கெட் காசு கொசுறு, கல்லா நிறைந்தது சாராயத்தில். 1854 வரை தங்க வயல்களில் மது விற்கவே தடை இருந்தது. அப்போது காப்பிக் கூடாரம் என்று பெயர் வைத்துக் கள்ளத்தனமாக ஊற்றினார்கள். தடை நீங்கியதும் அதே வியாபாரம் திரை கட்டி, விளக்கு ஏற்றி, கலை என்று பேர் வாங்கிக்கொண்டது.

நாடகப்பித்தன்:
குடிக்கிறவனுக்குக் கூடாரமே போதுமே, மேடை எதற்கு? நாள் முழுக்கச் சேற்றில் நின்றவன் சாயங்காலம் காசு கொடுத்து நாடகம் பார்க்கிறான் என்றால் அவனுக்கு அது வேண்டியிருந்தது. அவனை ஏமாளி என்று நினைக்காதீர்கள். லோலா மான்டெஸ் 1856 ஏப்ரலில் பக்கத்து ஊரான காசில்மெயினில் ஆடினார். அயர்லாந்தில் பிறந்து, ஸ்பானிய நடனக்காரி என்று சொல்லிக்கொண்டு, பவேரியா மன்னரையே கிறங்க வைத்தவர். அங்கே நானூறு பேர் ஒன்ஸ்மோர் கேட்டு ஆர்ப்பரித்தார்கள். நகர சபைக்காரர்கள் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ லேசாகக் கிண்டலடிக்க, லோலா கூட்டத்தையே திட்டிவிட்டார். ஒன்ஸ்மோர் கேட்ட அதே கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. போதையில் கிடப்பவன் இப்படிக் கணக்குத் தீர்க்க மாட்டான்.

சுரங்கத்தான்:
லோலா வருவார் என்று தெரியும். அந்தச் சாட்டைக் கதையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னைப் பொறுத்தவரை அது சுத்த விளம்பரம்.

நாடகப்பித்தன்:
சொல்கிறேன். அது நடந்தது 1856 பிப்ரவரியில், பல்லாரட்டில். 'பல்லாரட் டைம்ஸ்' ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் லோலாவின் ஆட்டத்தையும் நடத்தையையும் சேர்த்துக் கிழித்து எழுதினார். லோலா குதிரைச் சாட்டையோடு யுனைடெட் ஸ்டேட்ஸ் ஓட்டலில் அவரைப் பிடித்து விளாசினார். சீகாம்ப் கையிலும் சாட்டை இருந்தது. கடைசியில் இருவரும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள்.
விளம்பரம் என்கிறீர்கள், ஆனால் அடி வாங்கியவர் யாரென்று பாருங்கள். 1854 டிசம்பரில் தங்கம் தோண்டுகிறவர்கள் அரசை எதிர்த்துச் செய்த யுரேக்கா கிளர்ச்சிக்குப் பிறகு தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட பதிமூன்று பேரும் விடுதலையானார்கள். பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறைக்குப் போனவர் சீகாம்ப் மட்டும்தான். அவர் உள்ளே இருந்தபோது பத்திரிகையை நடத்தியது அவர் துணைவி கிளாரா சீகாம்ப். காசு வாங்கிக்கொண்டு அடி வாங்குகிற ஆள் இல்லை ஹென்றி சீகாம்ப்.

மளிகை முருகேசு:
அந்தச் சாட்டை லோலாவையும் விடவில்லை. கொட்டகை மேலாளரின் மனைவியே பிறகு அவரை விளாசினார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரி, அது கிடக்கட்டும். இந்தத் திரியில் கடைக்காரன் எங்கே? பல்லாரட் தங்கம் மேலாக அள்ளுகிற தங்கம் இல்லை. நூறு அடிக்கும் கீழே புதைந்த பழைய ஆற்றுப் படுகையில் கிடந்தது. ஒரு குழி இறக்க மாதக்கணக்கில் ஆகும், தண்ணீர் வேறு ஊறும். அதுவரை எட்டுப் பத்துப் பேருக்கு மாவு, ஆட்டுக்கறி, தேயிலை, மெழுகுவர்த்தி, குழிச் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் பலகை எல்லாம் யார் தந்தது? கடைக்காரன் கடனாகத் தந்தான், பதிலுக்குக் குழியில் பங்கு எழுதி வாங்கிக்கொண்டான். படுகை தப்பினால் அவன் முதலும் மண்ணோடு போச்சு. ஊரை நிறுத்தியது அந்தக் கடன் நோட்டுதான். கொட்டகையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது மிஞ்சிய காசில் ஓடியது.

சுரங்கத்தான்:
அண்ணே, கடைக்காரரை ரொம்பத் தியாகி ஆக்குகிறீர்கள். லண்டனில் அவுன்ஸுக்கு 3 பவுண்ட் 17 ஷில்லிங் போன காலத்தில், ஆரம்ப வருடங்களில் வயலில் 3 பவுண்டுக்கும் கீழே கொடுத்து வாங்கினார்கள். அந்த இடைவெளி யார் பையில் விழுந்தது?

மளிகை முருகேசு:
நாணயத் தட்டுப்பாடு ஒரு காரணம். தங்கத்தை வைத்துக்கொண்டு ரொக்கத்துக்கு அலைந்த ஊர் அது. வண்டிக் கூலி, வழிப்பறி பயம் எல்லாம் வாங்கியவன் தலையில். கொள்ளை லாபம் அடித்தவனும் உண்டு, மறுக்கவில்லை.

தேன்மொழி:
மூன்று பேரும் மெயின் ரோட்டை விட்டு நகரவே இல்லை. சீனர்கள் தங்கள் முகாம்களில் கடை வைத்தார்கள், காய்கறி பயிரிட்டு விற்றார்கள், கூடாரத்தில் தங்கள் இசை நாடகம் போட்டார்கள். 1855இல் விக்டோரியா அரசு தன் துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்கும் சீனர் தலைக்கு 10 பவுண்ட் வரி போட்டது. அதைத் தவிர்க்கத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் அளவுக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். அந்த மண்ணுக்கே சொந்தக்காரர்களான வாடவுருங் மக்கள், பாசம் (possum) என்ற மரத்தில் வாழும் விலங்கின் தோல் போர்வைகளைத் தோண்டுகிறவர்களுக்கு விற்றார்கள். வயல்களில் பழங்குடியினர் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் ஆட்டத்தைக் காட்டியதும் உண்டு. அதுவும் நாடகமும் வியாபாரமும்தானே? அங்கே ஓட்டலும் இல்லை, மதுக்கடையும் இல்லை. சுரங்கத்தான் சாருடைய கணக்கு இங்கே செல்லாது.

சுரங்கத்தான்:
வாடவுருங் ஆட்களுக்குச் செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அவர்கள் நிலத்தை இழந்துவிட்டு, இருப்பதை விற்றுப் பிழைத்தார்கள். அது கலைச் செழிப்பு என்றால் எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை.

தேன்மொழி:
செழிப்பு என்று நான் சொல்லவே இல்லையே. வாங்கியவன் தோண்டுகிறவன், விலை சொன்னது வாடவுருங் ஆள். அந்தப் பேரத்தையும் கணக்கில் எடுங்கள் என்கிறேன்.

நாடகப்பித்தன்:
தோழி சொல்வது சரி. இன்னொன்று. அந்த மரக் கொட்டகைகள் போய்விட்டன, பெரிய சுரங்கங்களும் 1918 வாக்கில் மூடிவிட்டன. 1875இல் லிடியார்ட் தெருவில் அகாடமி ஆஃப் மியூசிக் என்று திறந்த அரங்கம் இன்றைக்கும் ஹர் மெஜஸ்டிஸ் தியேட்டர் என்ற பெயரில் நாடகம் போடுகிறது. அது சாராயக் கல்லாவுக்காகக் கட்டியதா?

சுரங்கத்தான்:
கட்டியவர் வில்லியம் கிளார்க், அந்தக் காலனியின் பெரிய நிலச்சுவான்தார். சாராயத்துக்குப் பதில் வாடகை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மளிகை முருகேசு:
அப்போ வாடகை வாங்கினாலே கலை இல்லையா? ரயில் 1862இல் வந்தாகிவிட்டது, குடும்பம் குட்டி என்று ஊர் மாறிவிட்டது. பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறவனுக்கு மதுக்கடை வழியாகப் போகாத வாசல் தேவைப்பட்டது. தேவை இருந்த இடத்தில் ஒருவர் கட்டினார். இதில் என்ன கோபம் உங்களுக்கு?

சுரங்கத்தான்:
கோபம் இல்லை அண்ணே. அந்த 1850களின் டிக்கெட் கணக்கும் மதுக்கடைக் கணக்கும் ஒரே ஓட்டலுக்கு யாரிடமாவது இருந்தால் போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதுவரை நான் சொன்னதில் மாற்றம் இல்லை.