பால்வீதியில் உயிருக்கு ஏற்ற இடம் ஒரு வளையம்தானா?

செபராங் ஜெயா ஆசிரியை:

வணக்கம். பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அறிவியல் விழாவுக்காகப் பால்வீதியின் படத்தை அட்டையில் வரைந்து, நடுவில் சிவப்பும் ஓரத்தில் நீலமும் தீட்டி, இடையில் பச்சை வளையம் ஒன்றைப் போட்டிருக்கிறாள். அந்த வளையத்துக்குள் மட்டுமே உயிர்கள் இருக்க முடியும் என்று அவள் படித்த நூல் சொல்கிறதாம். ஒரு விண்மீனைச் சுற்றி நீர் திரவமாக நிலைத்திருக்கும் தொலைவு எது என்பதை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஆனால் விண்மீன் மண்டலம் முழுவதற்கும் அப்படியோர் எல்லை உண்டு என்பதற்கு அடிப்படை என்ன? நடுவர்கள் கேட்டால் அவள் என்ன சொல்லலாம்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:

ஆசிரியைக்கு வணக்கம். நூல் சொல்வதற்கு அடிப்படை உண்டு. கொன்சாலஸ், பிரவுன்லி, வார்ட் ஆகிய மூவர் 2001இல் முன்வைத்த கருத்து அது. பாறைக் கோள் உருவாக இரும்பு, சிலிக்கன், மக்னீசியம், ஆக்சிஜன் ஆகியவை போதிய அளவில் வேண்டும். ஹீலியத்தைவிடக் கனமான எல்லாவற்றையும் வானியலாளர்கள் உலோகம் என்றே குறிப்பிடுவார்கள். வேதியியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த உலோகங்கள் விண்மீன்களுக்குள் உருவாகி, அவை மடியும்போது வெளியே சிதறி, அடுத்த தலைமுறை விண்மீன்களில் சேர்கின்றன. மண்டலத்தின் உட்பகுதியில் இது விரைவாகவும் ஓரத்தில் மெதுவாகவும் நடந்திருப்பதால், மையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கோள்களுக்கான மூலப்பொருள் குறைகிறது.

உட்பகுதியில் மூலப்பொருள் மிகுதி, ஆனால் ஆபத்தும் மிகுதி. சுமார் 30 ஒளியாண்டுக்குள் ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் ஒன்றின் பெருவெடிப்பு, நிகழ்ந்தால், அதன் கதிர்வீச்சு காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வினைபுரியச் செய்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கும். அவை ஓசோன் படலத்தைப் பெருமளவு அழித்துவிடும். அதன்பின் சொந்தச் சூரியனின் புறஊதாக் கதிரே தரையிலுள்ள உயிர்களுக்குப் பகையாகிவிடும். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, சிக்கலான உயிர்கள் தோன்றச் சுமார் 400 கோடி ஆண்டுகள் தேவை என்ற எடுகோளையும் சேர்த்து, லைன்வீவர் குழுவினர் 2004இல் கணித்தபோது, மையத்திலிருந்து ஏறத்தாழ 23,000 முதல் 29,000 ஒளியாண்டு வரையிலான ஒரு வளையம் கிடைத்தது. சூரியன் இருப்பது சுமார் 26,000 ஒளியாண்டில். அந்த வளையத்தில் உள்ள விண்மீன்களில் முக்கால் பங்கு சூரியனைவிட மூத்தவை என்பதும் அதே ஆய்வின் முடிவு. என்னைக் கேட்டால், வளையத்தைவிட இந்தச் செய்திதான் நடுவர்களை யோசிக்க வைக்கும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

மேலே நண்பர் எழுதிய கணக்கு சரியே. ஆனால் அதன் பிறகும் ஆய்வுகள் வந்துள்ளன, அவை வளையத்தை வெகுவாகக் கலைத்துவிட்டன. மண்டலத்தின் தட்டு முழுவதுமே உயிருக்கு ஏற்றதாக இருக்கக்கூடும் என்று பிரான்ட்சோஸ் 2008இல் வாதிட்டார். கவன்லாக், பேட்டன், மெக்கனெல் ஆகியோர் 2011இல் விண்மீன்களைத் தனித்தனியே கணினியில் உருவகப்படுத்திப் பார்த்து, வாழத்தக்க கோள்கள் மிகவும் நெருக்கமாக இருப்பது மையத்திலிருந்து சுமார் 8,000 ஒளியாண்டுத் தொலைவில், அதாவது மண்டலத்தின் உட்பகுதியில்தான் என்று கண்டனர். அங்கே சூப்பர்நோவாக்கள் அதிகம் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விண்மீன்களின் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதே அவர்களது விடை. ஜார்ஜ்டவுனில் விபத்துகள் அதிகம் என்பதற்காக அங்கே குடியிருப்போர் குறைவு என்று நாம் முடிவு கட்டுவதில்லை அல்லவா?

மூலப்பொருள் பற்றிய வாதமும் முன்புபோல் வலுவாக இல்லை. வியாழனைப் போன்ற பெருங்கோள்கள் உலோகம் மிகுந்த விண்மீன்களையே நாடுகின்றன என்பதை 2005இல் ஃபிஷரும் வலென்டியும் தெளிவாகக் காட்டினர். சிறு கோள்களுக்கு அந்த விதி அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தவில்லை. 2015இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-444 தொகுதியைப் பாருங்கள்: வயது சுமார் 1,120 கோடி ஆண்டுகள், விண்மீனில் இரும்பின் அளவு சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, இருந்தும் பூமியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் அதைச் சுற்றுகின்றன. ஐந்துமே பத்து நாளுக்குள் ஒரு சுற்றை முடிக்கும் அளவுக்கு நெருங்கியிருப்பதால் அங்கே உயிர்களை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பழைய, உலோகம் குறைந்த விண்மீனுக்கும் பாறைக் கோள் அமையும் என்பது உறுதியாகிறது.

விண்மீன்கள் பிறந்த இடத்திலேயே தங்குவதில்லை என்பது இன்னொரு சிக்கல். சுருள் கரங்களின் ஈர்ப்பு, விண்மீன்களை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் நகர்த்தும் என்று செல்வுட், பின்னி இருவரும் 2002இல் காட்டினர். சூரியன்கூட இப்போதைய இடத்தைவிட மையத்துக்கு அருகில் பிறந்திருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர்.

செபராங் ஜெயா ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பச்சை வளையத்தை அழித்துவிடச் சொல்லட்டுமா? அவள் மிகுந்த சிரத்தையோடு தீட்டியிருக்கிறாள்.

பாலிக் பூலாவ் வான்நோக்கி:

அழிக்க வேண்டாம், ஆசிரியை. 2004ஆம் ஆண்டுக் கணிப்பு என்று ஆண்டைக் குறிப்பிட்டு வளையத்தை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பக்கத்தில் 2011ஆம் ஆண்டுக் கணிப்புக்காக இரண்டாவது படம் ஒன்றை, மையத்தை நோக்கி நிறம் அடர்த்தியாகுமாறு வரையட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரே கேள்வியிலிருந்து வருகிறது: உயிருக்கு ஏற்ற கோளின் வாய்ப்பை அளக்கிறோமா, அத்தகைய கோள்களின் எண்ணிக்கையை அளக்கிறோமா?

சூப்பர்நோவாவின் ஆபத்தைப் பற்றி அவள் பேசுவதாக இருந்தால், பசிபிக் கடலடியில் கிடைத்த இரும்பு-60 பற்றிச் சொல்லலாம். இது இரும்பின் ஒரு கதிரியக்க ஐசோடோப்பு. இதன் அரைவாழ்வு, அதாவது பாதியளவு சிதைய ஆகும் காலம், 26 இலட்சம் ஆண்டுகள் மட்டுமே. ஆகவே பூமி உருவானபோது இருந்தது எதுவும் இன்று மிஞ்சியிருக்க முடியாது. சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன் சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த விண்மீனிலிருந்து அது வந்து படிந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். பூமியில் உயிர்கள் அதன்பின்னும் தொடர்ந்தன. நிலத்தில் பேரழிவு ஏற்பட்டாலும் ஆழ்நீரிலும் பாறையிடுக்கிலும் வாழும் நுண்ணுயிர்களை ஓசோன் இழப்பு அவ்வளவாகத் தொடாது. எனவே எந்த உயிரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் அவள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதுவரை கண்டறியப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட கோள்களில் மிகப் பெரும்பான்மை நமக்குச் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. மையத்தின் பக்கமாக ஹபிள் தொலைநோக்கி தேடி 2006இல் 16 பெருங்கோள்களுக்கான அறிகுறிகளைக் கண்டது. அங்கே பூமியளவுக் கோள்கள் எவ்வளவு என்பதற்கான நேரடிக் கணக்கு இன்னும் வரவில்லை. அந்தத் திசையைக் கண்காணிப்பது நாசாவின் ரோமன் விண்தொலைநோக்கிக்கு ஒதுக்கப்பட்ட பெரும்பணிகளுள் ஒன்று. மாணவிக்கு அந்தத் திசையைக் காட்ட விரும்பினால், ஆகஸ்டு மாதத்தில் இரவு பத்து மணியளவில் தெற்கே பாதி வானத்துக்குச் சற்று மேலே தனுசு விண்மீன் கூட்டத்தைப் பாருங்கள். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் விளக்கொளி அதை மறைத்துவிடும். பாலிக் பூலாவ் பக்கம் வந்தால் தெரியும்.