பொருள்: நாவல் எழுதுமுன் செய்யும் சோதனைக்கு ஒரு சொல் (வியாழன் மாலைக்குள்)

முத்தியால்பேட்டையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாவல் பட்டறை, பாடத்தாள் வியாழன் மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொல் தேவை. ஒன்று, ஆங்கிலத்தில் பிரெமிஸ் என்கிறார்களே, அதற்கு. யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார் என்கிற மூன்றும் அடங்கிய ஒற்றை வாக்கியம். இன்னொன்று, அந்த வாக்கியம் முந்நூறு பக்கம் தாங்குமா என்று எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுகிற சோதனைக்கு.

போன வருடம் 'கதைக்கரு' என்றுதான் போட்டேன். உங்கள் கரு என்ன என்று கேட்டால் ஒரு பெண் 2011இல் நம் பக்கம் அடித்த "தானே புயல்" என்று எழுதிக் கொடுத்தாள். நாற்பது பக்கம் எழுதி நின்றுவிட்டாள். நாற்பது பக்கமும் முந்திரி மரம் விழுந்துகொண்டே இருந்தது, யாரும் எதையும் விரும்பவில்லை. அப்புறம் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்கிறாள், பண்ருட்டிப் பக்கம் இருக்கும் அவள் பெரியப்பா, விழுந்த தோப்பில் மறுபடி கன்று வைப்பதா, மனை போட்டு விற்பதா என்ற சண்டையில் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சையே விட்டுவிட்டாராம். கதை அங்கே அல்லவா இருந்தது! என் பாடத்தாளில் இருந்த சொல் அவளை அந்த இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அம்மா, 'கதைக்கரு' பிழை என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என அவர் அடுக்குவதுதான் கரு. நிலமும் பொழுதும் முதல். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலுமாகிய மனித உணர்வுகள் உரி. அந்தப் பெண் சொன்ன புயலும் முந்திரியும் முதலும் கருவும்தான், அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பெரியப்பாவின் பிணக்குதான் உரி. ஆகவே நீங்கள் கேட்கும் சொல் 'கதையுரி'. உரிமை, உரியவர், உரிச்சொல் எல்லாம் இந்த ஒரே வேர்தான். அரை நாழியையும் உரி என்றார்கள், நாழியும் உரியும் சேர்ந்தால் நாடுரி என்று நன்னூல் விதி சொல்கிறது. அந்த அளவுப்பொருளும் நமக்கு உதவும், கதையை அளக்கிற படி என்று கொள்ளலாம்.

வில்லியனூரிலிருந்து:

ஐயா சொன்ன இலக்கணம் சரி. ஆனால் 'கதையுரி' என்று பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு வாழைப்பழம்தான் நினைவுக்கு வரும். அதை விளக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

இரண்டாவது சொல் நம் ஊரிலேயே இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் ஒரு நாள் சாமி இல்லாமல் வீதியில் இழுத்துப் பார்ப்போமே, அதுதான். எந்த முக்கில் திரும்ப மறுக்கிறது, எங்கே அச்சு முனகுகிறது, எங்கே மின்கம்பி இடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கதையையும் அலங்காரம் இல்லாமல், வர்ணனை இல்லாமல், நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கேட்கிறவர் "அப்புறம்?" என்றால் தேர் ஓடுகிறது. "ம்" என்றால் அச்சைப் பார்க்க வேண்டும். 'வெள்' என்பது வெறுமை, வெட்டவெளியை வெள்ளிடை என்கிறோமே அதேதான். 844ஆம் குறளில் வரும் 'வெண்மை'கூட அறிவு இல்லாத வெறுமைதான்.

விருத்தாசலத்திலிருந்து:

வெள்ளோட்டம் அழகான சொல். ஆனால் தேர் முழுசாகச் செய்து முடித்த பிறகுதான் வெள்ளோட்டம் விடுகிறோம். அம்மா கேட்பது செய்வதற்கு முன்பு. அதற்கு 'முளைப்புச் சோதனை' பொருந்தும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்குமுன் நூறு பருப்பு எண்ணி ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம். எழுபதுக்குக் கீழே முளைத்தால் அது விதை இல்லை. ஒரு யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராமல் பத்து யோசனை எழுதி, ஒரு வாரம் மூடிவைத்து, எது தானாக மனசில் கிளை விட்டிருக்கிறது என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

மரப்பாலத்திலிருந்து:

அக்கா, பெரியவர்கள் மன்னிக்கணும். குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் முதல் சொல்லுக்கு ஏற்கனவே 'ஒன்லைன்' என்கிறார்கள். "ஒன்லைன் சொல்லு" என்றால் யாரும் புயல் என்று சொல்ல மாட்டார்கள், ஆளோடும் சிக்கலோடும்தான் சொல்வார்கள். விருத்தாசலம் ஐயா எழுதிய மல்லாட்டையே மணிலாக்கொட்டையிலிருந்து வந்ததுதானே? அதை யாராவது நிலக்கடலை என்று திருத்தினார்களா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

தம்பி, மல்லாட்டை நம் வாயில் உருமாறி, மணிலா என்பதே மறந்துபோய்த் தமிழானது. ஒன்லைன் இன்னும் அப்படியே கிடக்கிறது. நாளைக்கு இந்தப் பாடத்தாளைக் கையில் வாங்கப்போகிற கிராமத்துப் பிள்ளைக்கு, கதை சொல்லும் கலைக்கே தமிழில் சொல் இல்லையோ என்று தோன்றினால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். முதல் சொல்லுக்கு 'ஒருவரி' என்று போட்டுவிட்டேன், ஒன்லைன் தெரிந்தவனுக்கும் புரியும், தெரியாதவனுக்கும் புரியும். இரண்டாவதற்கு 'வெள்ளோட்டம்', தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐந்து பேர் அதைத்தான் கேட்டார்கள். ஈரச்சாக்கைப் பயிற்சிப் பகுதியில் அப்படியே சேர்த்திருக்கிறேன். தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி மூன்றையும் பெரியப்பா கதையை வைத்து முதல் மணி நேரத்திலேயே விளக்கப் போகிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

போடுங்கள் அம்மா. ஆனால் 'ஒருவரி' என்பது நீளத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "புயலில் முந்திரி விழுந்தது" என்பதும் ஒரு வரிதான். அந்தப் பெண் இந்த வருடமும் வந்தால் அவளிடமே கேட்டு எழுதுங்கள்.