டெல்லியில் ஒரே ஒரு திங்கட்கிழமை: நாலு பேர், 2000 ரூபாய், எதைப் பார்க்கலாம்?

பயணப்பை:
பிப்ரவரி நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை 7 மணிக்கு புதுடெல்லி ஸ்டேஷனில் இறங்குகிறோம். அன்று இரவு 10 மணிக்கு அதே ஸ்டேஷனில் அடுத்த ரயில். ரூம் போடுவதாக இல்லை. நானும் மனைவியும், 9 வயதுப் பையன், 66 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பார்.

எழுதி வைத்திருப்பது: செங்கோட்டை, அக்‌ஷர்தாம், தாமரைக் கோவில், காந்தி ஸ்மிருதி, குதுப்மினார், இந்தியா கேட். சாப்பாடு உட்பட எல்லாம் சேர்த்து 2000-ஐத் தாண்டக் கூடாது. மெட்ரோவில் ஒருநாள் டூரிஸ்ட் கார்டு வாங்கினால் மிச்சமாகுமா? ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்களே மலிவாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்களாமே, நம்பிப் போகலாமா?

தலைநகரத்தான்:
முதலில் கிழமையைப் பாருங்கள் சார். உங்கள் பட்டியலில் ஆறில் நாலு திங்களன்று மூடியிருக்கும். செங்கோட்டை, அக்‌ஷர்தாம், தாமரைக் கோவில், காந்தி ஸ்மிருதி நாலுக்குமே திங்கள்தான் வார விடுமுறை. தேசிய அருங்காட்சியகமும் அப்படியே. பிப்ரவரியில் ஜனாதிபதி மாளிகைத் தோட்டம் இலவசமாகத் திறந்திருக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், அதற்கும் திங்கள் லீவு.

திங்களன்று தைரியமாகப் போகக்கூடியவை: குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், இந்தியா கேட், போர் நினைவகம், பங்களா சாகிப் குருத்வாரா. இதில் காசு கேட்பது முதல் இரண்டு மட்டும்தான்.

தொலைவில் இருப்பதை முதலில் முடித்துவிட்டு ஸ்டேஷனை நோக்கித் திரும்பி வருவது போலப் போங்கள். குதுப்மினார் தெற்குக் கோடி. நாளெல்லாம் சுற்றிவிட்டு மாலையில் அங்கே போனால், திரும்பும்போது ஆபீஸ் விடும் கூட்டத்தில் ரயிலைக் கோட்டை விடுவீர்கள்.

காலை 7 – 8: பைகளை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், கயிறு கட்டிய கட்டைப்பையையும் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு பைக்கும் சின்னப் பூட்டு ஒன்று ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், பி.என்.ஆர். கையில் இருக்கட்டும். தின்பண்டப் பையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

8 – 10.45: மெட்ரோ அஜ்மீரி கேட் பக்கம், அதாவது 16-ஆம் பிளாட்பாரம் பக்கம். மஞ்சள் லைனில் ஏறினால் மாறாமல் குதுப்மினார் ஸ்டேஷன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அங்கிருந்து மினார் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அம்மாவை நடக்க விடாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். உள்ளே பெரும்பாலும் சமதரை. கோபுரத்துக்குள் ஏற 1981 நெரிசல் விபத்துக்குப் பிறகு யாருக்கும் அனுமதி இல்லை, அந்த ஏக்கத்தையும் விட்டுவிடலாம்.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: 72.5 மீட்டர் கோபுரத்தில் கீழ் மூன்று அடுக்குகளில் மேலிருந்து கீழாக ஓடும் புடைப்பு வரிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் அடுக்கில் உருண்டை ஒன்று, கூர்முனை ஒன்று என்று மாறி மாறி வரும். இரண்டாவதில் உருண்டை மட்டும், மூன்றாவதில் கூர்முனை மட்டும். அதற்கு மேலே வெள்ளைப் பளிங்கு கலக்கிறது. பக்கத்திலேயே 7 மீட்டருக்கு மேல் உயரமான இரும்புத் தூண். அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. கட்டிப்பிடித்துப் பார்க்கலாம் என்பதெல்லாம் பழைய கதை, இப்போது சுற்றிலும் வேலி.

10.45 – 1.15: அதே மஞ்சள் லைனில் திரும்பி ஜோர் பாகில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ஹுமாயூன் கல்லறை. லோதி தோட்டம் வழியில்தான். ஆனாலும் உங்கள் கூட்டணிக்கு வெட்டிவிடச் சொல்வேன். இரண்டுக்கும் போனால் சாப்பாடு மூன்று மணிக்குத்தான், பையன் தாங்க மாட்டான். கல்லறை மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தாக, ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு வரும். அம்மா ஏற வேண்டாம். நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் கல்லறை இருக்கிறது. ஹுமாயூன் கல்லறையைவிடப் பழையது, நீல ஓடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், கூட்டமும் குறைவு. அங்கே உட்காரட்டும்.

1.30: இந்தியா கேட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஆந்திர பவன் கேன்டீன். சாதம் வேண்டும் என்கிற நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு மணிக்குள் போய்விடுங்கள்.

3 – 6.15: போர் நினைவகம், இந்தியா கேட், அதன் முன்னால் நீளும் கர்தவ்ய பத் சாலை. மூன்றும் இலவசம். விளக்கு போட்டதும் கிளம்பி மத்திய செயலக மெட்ரோ ஸ்டேஷன், ஒரே ஸ்டாப்பில் படேல் சௌக், அங்கிருந்து பங்களா சாகிப். இரவு உணவு லங்கரில், அதாவது குருத்வாராவில் எல்லாருக்கும் தரையில் உட்கார வைத்துப் போடும் இலவசச் சாப்பாட்டில். படேல் சௌக்கிலிருந்து புதுடெல்லி இரண்டாவது ஸ்டாப். 8.30-க்குள் பைகளை எடுத்துவிடலாம்.

வாசல் ஆட்டோ டூர் வேண்டவே வேண்டாம். மலிவாகக் கூப்பிடுபவர் உங்களைக் கமிஷன் தரும் துணிக்கடைகளுக்குத்தான் கூட்டிப் போவார். ஒரு கடைக்கு அரைமணி நேரம் போய்விடும்.

ரயில்பிரியன்:
மெட்ரோ கணக்கு இதோ. 2025 ஆகஸ்டில் ஏறிய கட்டணப்படி வேலை நாளில்: புதுடெல்லி – குதுப்மினார் 43, குதுப்மினார் – ஜோர் பாக் 32, மத்திய செயலகம் – படேல் சௌக் 11, படேல் சௌக் – புதுடெல்லி 21. ஆளுக்கு 107. ஒருநாள் டூரிஸ்ட் கார்டு 200, அதில் 50 திரும்பி வந்தாலும் 150 போய்விடுகிறது. வாங்காதீங்க. பையனுக்கும் முழு டிக்கெட்தான், 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு மட்டும்தான் இலவசம், அரை டிக்கெட்டே கிடையாது.

நாலு பேருக்கும் போனில் க்யூஆர் டிக்கெட் போடலாம். ஆனா ஆளுக்கொரு க்யூஆர், உள்ளே போகவும் வெளியே வரவும் அதே க்யூஆர். சிக்கல் எங்கே வரும்னா, அவசரத்தில் ஒரே க்யூஆரை இரண்டு பேர் காட்டிடுவாங்க, இரண்டாவது ஆளுக்குக் கதவு திறக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆளாளுக்கு அனுப்பிடுங்க. சார்ஜ் இல்லாத போனோட உள்ளே போனா வெளியே வர கவுன்டரில் மல்லுக்கட்டணும்.

வண்டி போகிற திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. குடும்பமா ஏறணும்னா வேற பெட்டிதான், நீங்க அதில் ஏறினா அபராதம் போடுவாங்க.

ஆட்டோ மீட்டர் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30, அப்புறம் கிலோமீட்டருக்கு 11. ஜோர் பாக் – ஹுமாயூன் 4 கிலோமீட்டர்னு வெச்சா 58 ரூபாய்தான் வருது, ஆனா 150-லதான் பேச்சை ஆரம்பிப்பாங்க. ஆப்பில் என்ன காட்டுதுன்னு பார்த்துட்டுப் பேரம் பேசுங்க. சட்டப்படி மூணு பேர், சின்னப் பையன்னா பெரும்பாலும் ஏத்திப்பாங்க.

மொத்தம்: மெட்ரோ 428, நாலு ஆட்டோ சவாரிக்கு 400, நுழைவு 210 (ஆளுக்கு 40, ஆன்லைனில் 35, பெரியவங்க மூணு பேர், இரண்டு இடம். 15 வயசுக்குக் கீழே டிக்கெட் இல்லை). 1038 ஆச்சு. மீதி 962 மதியச் சாப்பாடு, க்ளோக் ரூம், டீக்கு.

சாந்தினி_சௌக்:
பழைய டெல்லியை விட்டுட்டு டெல்லி பார்த்தேன்னு சொல்றதா? ஜாமா மசூதி திங்களன்று திறந்திருக்கும், தொழுகை நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்க்க வருபவர்களை விடமாட்டார்கள். சாந்தினி சௌக் கடைகளுக்கு ஞாயிறுதான் லீவு. செங்கோட்டைச் சுவரை வெளியிலிருந்தாவது பார்க்கலாம். காலையில் குதுப்புக்குப் பதில் அங்கே போங்கள், புதுடெல்லியிலிருந்து இரண்டே ஸ்டாப்.

தலைநகரத்தான்:
@சாந்தினி_சௌக், தனியாளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே முட்டி வலிக்கார அம்மா இருக்கிறார். மசூதிக்கு எந்த வாசலில் போனாலும் உயரமான படிக்கட்டு. கடைத்தெரு களைகட்டவே 11 மணி ஆகிவிடும். மெயின் ரோட்டில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கிடையாது, சைக்கிள் ரிக்‌ஷா அல்லது நடைதான்.

பயணப்பை:
குதுப்பே இருக்கட்டும். லங்கரில் அம்மாவால் தரையில் உட்கார முடியாது, என்ன செய்வது? வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ரயில்பிரியன்:
பரிமாறுகிற சேவாதாரிகள்கிட்ட சொல்லுங்க, வயசானவங்களுக்கு உட்கார ஏற்பாடு செய்வாங்க. செருப்பை ஜோடா கரில் (செருப்பு வைக்கிற இடம்) விட்டு டோக்கன் வாங்கணும், காசு இல்லை. எல்லாருமே தலையை மூடணும், பையனும்தான். துணி வாசலிலேயே இருக்கும். வாசலில் கால் நனைக்கிற தண்ணீர் ஓடும், தரை பளிங்கு, ஈரக்காலோட வழுக்கும். அங்கே அம்மா கையைப் பிடிச்சுக்குங்க. ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்கணும். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, அதனால முதல்ல கொஞ்சமா வாங்கிக்குங்க, திரும்பத் திரும்ப வருவாங்க.