50 டன் டெலஸ்கோபிக் கிரேன் 9 டன்னைத் தூக்காதா?

கேள்வி: 9 டன் ட்ரான்ஸ்ஃபார்மரை 16 மீட்டர் ரேடியஸில் (கிரேனிலிருந்து சுமைவரை கிடைமட்டத் தூரம்) இறக்க வேண்டும். 50 டன் கிரேன் வந்தது. ஆபரேட்டர் லோடு சார்ட்டை (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) பார்த்துவிட்டு முடியாது என்கிறார். ஏன்?

பதில் 1: அவர் சொல்வது சரி. 50 டன் என்பது பூம் (கிரேனின் நீளும் கை) முழுக்க உள்ளே இருக்க, சுமார் 3 மீட்டர் ரேடியஸுக்கான எண். கிட்டத்தில் பூமின் வலிமை எல்லை. தூரம் போனால் வண்டி கவிழ்வதுதான் எல்லை. ரேடியஸை அவுட்ரிகரிலிருந்து (வண்டியைத் தாங்கும் பக்கவாட்டுக் கால்) அளக்காதீர்கள், கிரேன் சுழலும் மையத்திலிருந்து அளங்கள். சுமை ஏறியதும் பூம் வளைந்து ரேடியஸ் இன்னும் கூடும்.

பதில் 2: 9 டன் மட்டுமா? ஹூக் பிளாக் (கொக்கியும் கப்பியும்) 500 கிலோ, சுமையைக் கட்டும் ஸ்லிங், ஷேக்கிள் 200 கிலோ என்றால் 9.7 டன் என்று சார்ட்டில் பாருங்கள். தரையையும் கவனியுங்கள்: ஒரு அவுட்ரிகரில் 20 டன் இறங்கினால், 1 சதுர மீட்டர் பலகைக்குக் கீழே சதுர மீட்டருக்கு 20 டன் அழுத்தம். புதிதாக மூடிய கேபிள் குழிமேல் நிறுத்தினால் அமிழும்.

பதில் 3: இன்னொன்று. பூமை நீட்டும்போது ஹூக்கைத் தூக்கும் வின்ச் ரோப்பையும் விட்டுக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் ஹூக் பிளாக் பூம் நுனியில் முட்டி ரோப் அறுந்துவிடும். அதற்கான லிமிட் சுவிட்சைக் கம்பி கட்டி முடக்கி வைத்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்: நீட்டி நிறுத்திய பூம் சற்று நேரத்தில் கொஞ்சம் உள்ளே வருகிறதே, பூமை நீட்டும் ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டதா?

பதில் 3: சூடான ஆயில் ஆறினால் சுருங்கும், பூமும் சிறிது உள்வாங்கும். ஆயில் ஆறிய பிறகும் நிற்காமல் இறங்கினால் சீல், சிலிண்டரில் ஆயிலைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் வால்வு இரண்டையும் சோதியுங்கள்.