நாய், பூனை: நியூரான் கணக்கை வைத்து அறிவை ஒப்பிடலாமா?

சுவர்க்கோழி கேட்டது:

நாயின் பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளியடுக்கில்) பூனையைவிட இரு மடங்கு நியூரான் (நரம்புச் செல்) இருக்கிறது, ஆகவே நாய்தான் புத்திசாலி என்று ஒரு வாதம் எங்கு பார்த்தாலும் ஓடுகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடலாமா?

இன்னொன்று. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் நியாயமாகச் சோதிக்க வழி உண்டா? கிண்ணத்துக்கு அடியில் தீனியை ஒளித்துவைத்தால் நாய் சலிக்காமல் வருகிறது. பூனை இரண்டு முறை வந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதைத் தோல்வி என்று எழுதுவதா?

---

நுண்ணோக்கி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் எண் 2017இல் வந்த ஆய்விலிருந்து வருவது. மூளைத் திசுவைக் கரைத்துக் கூழாக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணும் முறை. கோல்டன் ரெட்ரீவருக்கு 62.7 கோடி, சிறிய கலப்பின நாய்க்கு 42.9 கோடி, பூனைக்கு சுமார் 25 கோடி. எண்ணியது ஓர் இனத்துக்கு ஒன்றோ இரண்டோ மூளைகள்தான் என்பதைப் பகிர்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அதே எண்களைக் கொஞ்சம் கழித்துப் பாருங்கள். இரண்டு நாய்களுக்கு இடையிலேயே 19.8 கோடி வித்தியாசம். சிறிய நாய்க்கும் பூனைக்கும் இடையில் 17.9 கோடிதான். எண்ணிக்கைதான் அறிவு என்றால், பூனைக்கும் கலப்பின நாய்க்கும் உள்ளதைவிடப் பெரிய பள்ளம் இரண்டு நாய்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அப்படி யாரும் வாதாடுவதில்லை.

அதே ஆய்வில் ரக்கூன் என்ற அமெரிக்க விலங்கு பூனையளவு மூளைக்குள் நாயளவு நியூரானை அடைத்துவைத்திருக்கிறது. பழுப்புக் கரடிக்குப் புறணி மிகப் பெரிது, நியூரானோ ஏறக்குறைய பூனைக்கு உள்ள அளவுதான். இந்த எண் கொள்ளளவைக் காட்டும். அந்தக் கொள்ளளவு எந்த வேலைக்குச் செலவாகிறது என்பதைக் காட்டாது.

---

தூரிகை:

நடத்தை ஆய்வுகளைப் பார்த்தால் "யார் முதல்" என்பதே சிதறிப்போகும்.

சொல் கற்பதில் நாய் எங்கோ இருக்கிறது. ரிக்கோ என்ற பார்டர் கோலி இன நாய் 200க்கும் மேற்பட்ட பொருட்களைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது (2004). சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொருட்கள் வரை போனது (2011). ஆனால் இரண்டும் ஒரே இனம், வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவை. தெருமுனை நாயின் சராசரியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

விரலால் காட்டிய கிண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் 2005ஆம் ஆண்டு ஒப்பீட்டில் இரண்டும் தேறின. வித்தியாசம் வந்தது அடுத்த கட்டத்தில். தீனியை எடுக்கவே முடியாதபடி வைத்தபோது நாய் மனிதரைத் திரும்பிப் பார்த்தது. பூனை பெரும்பாலும் தீனியோடுதான் மல்லுக்கட்டியது.

மறைந்த பொருளை நினைவில் வைப்பதில் நாய் மேலே. நான்கு பெட்டிகளில் ஒன்றின் பின்னால் பொருள் மறைவதைக் காட்டிவிட்டு, 4 நிமிடம் கழித்து விட்டாலும் நாய்கள் குருட்டு யோகத்தைவிட அதிகமாகச் சரியாகப் போயின. பூனைகளிடம் 30 வினாடிக்குள்ளேயே சரிவு தெரிந்தது. ஆனால் முன்னங்கால்களால் ஒரு தடையைத் தாண்டிய பூனையை அங்கேயே நிறுத்திவைத்து, தடையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாலும், 10 நிமிடம் கழித்துப் பின்னங்காலை அதே உயரத்துக்குத் தூக்குகிறது. பூனைக்கு நினைவு குறைவு என்று மொட்டையாகச் சொன்னால் இது எங்கே போய் உட்காரும்?

குறுக்காகக் கிடக்கும் இரண்டு கயிறுகளில் எதன் முனையில் தீனி என்று கண்டுபிடிக்கும் சோதனையில் இரண்டுமே தோற்றன. பூனை வீடியோக்காரர்கள் இதைப் பகிர்வதில்லை, நாய்க்காரர்களும்தான்.

---

கடைமடை:

தூரிகை, மனிதரைத் திரும்பிப் பார்ப்பதும் அறிவுதானே? உதவி கிடைக்கும் இடத்தில் உதவி கேட்பது சரியான உத்தி.

---

தூரிகை:

உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மூளைத் திறனின் அளவாக்க முடியாது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கு இதே தீராப் புதிரைக் கொடுத்தபோது நாய் பார்த்த அளவுக்கு அவை மனிதரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதே உடல் எடையுள்ள நாயைவிட ஓநாய்க்கு மூளை பெரிது. அங்கே தெரிவது மனிதரோடு வாழப் பழகிய குணம். பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையோ தனியாக வேட்டையாடுவது, கூட்டாளியின் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே அதற்கு இருந்ததில்லை.

---

அளவுகோல்:

சோதனைக்கு வருகிறேன். பூனை வராததைத் தோல்வி என்று எழுதாதீர்கள். தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: சரி, தவறு, தேர்வு இல்லை (எந்தக் கிண்ணத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை). மூன்றாவதை மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது.

விரல் காட்டும் சோதனைக்கு, ஒரே மாதிரி ஒளி ஊடுருவாத இரண்டு கிண்ணங்களை 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்து நடுவில் மண்டியிடுங்கள். விலங்கு 2 மீட்டர் எதிரே, இன்னொருவர் கையில். தீனியை இரண்டு கிண்ணத்திலும் தேய்த்துவிட்டு ஒன்றில் மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது மூக்கை. 12 முறை செய்யுங்கள். இடது 6, வலது 6, ஒரே பக்கம் தொடர்ந்து இரண்டு முறைக்குமேல் வேண்டாம். எப்போதும் இடப்பக்கமே ஓடும் விலங்கு 6 வாங்கிவிடும், அதனால் 6 என்பது பூஜ்ஜியத்துக்குச் சமம். 12க்கு 10 சரியானால் நம்பலாம். குருட்டு யோகத்தில் அது நடக்க வாய்ப்பு சுமார் 2 சதவீதம். 9க்கே அது 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். கூடவே விரல் காட்டாமல் ஒரு 6 முறை செய்யுங்கள். அதிலும் சரியாகப் போனால் வாசம் கசிகிறது என்று பொருள்.

பிடித்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டதாகப் பேர்வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவரின் உடலசைவைப் பார்த்தே குளம்படியை நிறுத்தியது என்று 1907இல் அம்பலமானது. நாய் அதைவிடக் கெட்டி.

பூனைக்கு ஒரு நாளில் 4 முறைக்குமேல் வேண்டாம், மூன்று நாளில் 12 முடிந்துவிடும். கிண்ணங்களை இரண்டு நாள் முன்பே அறையில் போட்டுவையுங்கள். புது இடத்தில் பூனை பதுங்குமே தவிர யோசிக்காது. தீனி அரைப் பட்டாணி அளவு. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, நாய் பிஸ்கட்டை நீட்டிவிட்டு ஆர்வமில்லை என்று எழுதினால் தப்பு உங்களுடையது. பசி வரட்டும் என்று பட்டினி போடவும் கூடாது. சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு. வழக்கமான சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு செய்தால் போதும்.

தீனிக்கு மசியவே மசியாத பூனை என்றால் தீனி இல்லாத சோதனைக்குப் போங்கள். அதன் பெயரின் நீளமும் அசையும் உள்ள வேறு நான்கு சொற்களை ஒரே குரலில், 15 வினாடி இடைவெளியில் பதிவுசெய்து ஒலிக்கவிடுங்கள். காது அசைவது சொல்லுக்குச் சொல் குறையும். ஐந்தாவதாகப் பெயர் வரும்போது காதோ தலையோ மறுபடி திரும்பினால் பெயர் தெரிகிறது. 2019இல் பூனைகளிடம் செய்தது இந்த வகைச் சோதனைதான். நாய்க்கும் இதையே செய்யலாம், ஒப்பீடு நேராக நிற்கும்.

---

சுவர்க்கோழி:

நன்றி. விரல் காட்டிப் பார்த்தேன், பூனை நேராக விரல் நுனிக்கே வந்து முகர்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

---

அளவுகோல்:

தேர்வு இல்லை. நீட்டிய விரலை முகர்வது பூனைக்கு வணக்கம் சொல்வதுபோல. 2 வினாடி காட்டிவிட்டுக் கையை மடக்கி மார்பில் வைத்த பிறகு விடச் சொல்லுங்கள். காட்டும்போது விரல் நுனிக்கும் கிண்ணத்துக்கும் 50 செ.மீ. இருக்கட்டும். மாற்றியதை நாய்க்கும் அப்படியே மாற்றி, முதலிலிருந்து 12 முறை எண்ணுங்கள்.