ஆயர் இலச்சினையில் கரடிக்கு என்ன வேலை?

ஆற்றங்கரை கேட்டது:
திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 1977இல் ஜெர்மனியின் மியூனிக்-ஃப்ரைசிங் பேராயரானபோது அமைத்துக்கொண்ட இலச்சினையில், முடிசூடிய கறுப்பினத்தவர் ஒருவரின் தலையும், முதுகில் மூட்டை கட்டிய கரடியும், ஒரு சிப்பியும் இருக்கின்றன. சிலுவை, புறா, நற்கருணைக் கிண்ணம் என்றே பார்த்துப் பழகிய எனக்கு இவை விளங்கவில்லை. கேடயத்தின் மேலுள்ள தொப்பியில் தொங்கும் குஞ்சங்களுக்கும் கணக்கு உண்டா?

மூங்கில்காடு:
அந்தத் தலை அவர் தேர்ந்தெடுத்ததன்று. ஃப்ரைசிங் ஆயர்கள் 14ஆம் நூற்றாண்டு முதலே அதை வைத்துவந்தனர். கரடியும் அவ்வூர்க் கதைதான். ஃப்ரைசிங்கின் முதல் ஆயராகப் போற்றப்படும் புனித கொர்பினியன் உரோமைக்குச் செல்லும் வழியில், அவருடைய சுமைக்குதிரையைக் கரடியொன்று அடித்துக் கொன்றுவிட, அவர் அதைக் கடிந்து, குதிரையின் மூட்டையை அதன் முதுகிலேயே ஏற்றி, உரோமை சேர்ந்ததும் அவிழ்த்துவிட்டார் என்பது மரபு. விவிலியத்தின் 73ஆம் திருப்பாடலில் வரும் விலங்கை, ஆயர் பணியின் பாரம் சுமக்கும் மாடாகக் கண்டார், தாமே ஆயராயிருந்த புனித அகுஸ்தீன். அவரைப் பின்பற்றி ராட்சிங்கர் (பெனடிக்டின் இயற்பெயர்) இந்தக் கரடியில் தம்மையே கண்டார். கரடிக்காவது உரோமையில் விடுதலை கிடைத்தது. 1981இல் அங்கு அழைக்கப்பட்டவருக்கு, 2013இல் பதவி விலகும் வரை மூட்டை இறங்கவில்லை.

பழைய உபதேசியார்:
குஞ்சங்களுக்குக் கறாரான கணக்கு உண்டு. ஆயருக்குப் பச்சைத் தொப்பி. பக்கத்துக்கு ஆறு குஞ்சங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாக இறங்கும். பேராயருக்கு அதே பச்சையில் பக்கத்துக்குப் பத்து. கேடயத்தின் பின்னுள்ள சிலுவைக்கும் ஒன்றுக்கு இரண்டாகக் குறுக்குச் சட்டங்கள். கர்தினாலுக்குச் சிவப்பு, பக்கத்துக்குப் பதினைந்து. ராட்சிங்கர் 1977 ஜூன் மாதமே கர்தினாலாகிவிட்டதால், அவருடைய பச்சைத் தொப்பிக்கு ஆயுள் சில வாரங்களே. எங்கள் பக்கத்தில் ஓர் ஆயர் திருநிலைப்பாட்டு அழைப்பிதழில் பக்கத்துக்குப் பத்துக் குஞ்சங்கள் அச்சாகி, பொறுப்பேற்குமுன்பே அவர் பேராயராகிவிட்டார்! பிழையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூங்கில்காடு:
சிப்பியை விட்டுவிட்டேன். அது திருப்பயணியின் அடையாளம். அத்துடன், கடல்நீரைச் சிப்பியால் மொண்டு மணற்குழியில் ஊற்றிக்கொண்டிருந்த சிறுவனை அகுஸ்தீன் கண்ட கதையையும் அது நினைவூட்டுகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளின் மறைபொருளை மனத்துக்குள் அடக்க முயல்வதும் அப்படித்தான் என்று அவருக்கு அங்கே உறைத்ததாம். அகுஸ்தீனைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் ராட்சிங்கர்.

ஆற்றங்கரை:
நன்றி. 2005இல் அவர் திருத்தந்தையானபோது, திருத்தந்தையருக்கு வழக்கமான மும்முடிக்குப் பதிலாக, ஆயர் வழிபாட்டில் அணியும் தலைச்சீராவைக் கேடயத்தின்மேல் வைத்ததற்கும் இந்தச் சுமையுணர்வே காரணமாக இருக்குமோ?

பழைய உபதேசியார்:
அதை ஊகமாகவே சொல்லலாம். ஆனால் அந்தத் தலைச்சீராவில் மூன்று பொற்பட்டைகள் இருப்பதைக் கவனியுங்கள். மும்முடியின் மூன்று அடுக்குகளும் அங்கே தங்கிவிட்டன.