வால்பரைசோ மலைக்குடியிருப்பு: ஒரு பகலில் எப்படிப் படம் எடுப்பது?

கடியபட்டணத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கடியபட்டணம், சரக்குக் கப்பலில் ஏ.பி.யாக, அதாவது டெக் வேலை பார்க்கும் மாலுமியாக இருக்கிறேன். இப்போது லீவில் ஊரில்தான். அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறேன். ஜூன் மூன்றாம் வாரம் சிலி நாட்டு வால்பரைசோ துறைமுகத்துக்குப் போகிறோம். காலை எட்டு மணியில் இருந்து மாலை ஆறு வரை கரைக்குப் போக அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது.

வளைகுடாவைச் சுற்றி மலைகள், அதன்மேல் வீட்டுக்கு மேல் வீடு. நெட்டில் தேடினால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது: மஞ்சள் வீடு, நீல வீடு, ஓவியம் வரைந்த படிக்கட்டு. அதையே நானும் எடுத்து வர மனமில்லை. கையில் இருப்பது பழைய நிக்கான் டி5600, ஒரு 18-140 ஜூம் லென்ஸ், ஒரு 50 லென்ஸ். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முட்டத்து போசன்:

தம்பி, நான் முட்டம். கப்பலில் போசனாக, அதாவது டெக் மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வால்பரைசோவுக்கு நாலு தடவை போயிருக்கிறேன்.

முதலில் சூரியனைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் எனக்குத் தப்பிப்போனது அதுதான். அந்த ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 33 பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். வளைகுடாவும் வடக்குப் பார்த்துத் திறந்தது. அதனால் மலை மேல் ஏறி நின்று கடலைப் பார்த்து எடுத்தால் வெயிலுக்கு நேர் எதிரே நிற்பாய். கடல் வெளிறும், வீடுகள் கறுத்துப்போகும். எல்லோரும் அங்கே ஏறி நின்றுதான் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், ஒரு ரோல் பிலிம் வீணாகிப்போச்சு.

கடலில் இருந்து மலையைப் பார். சோட்டோமயோர் சதுக்கத்தைத் தாண்டினால் பிராட் படகுத்துறை. சின்னப் படகுகளில் ஆள் சேர்த்து வளைகுடாவைச் சுற்றிக் காட்டுவார்கள். அதில் ஏறினால் வெளிச்சம் உன் முதுகுப் பக்கம், மலை முழுக்க முகம் காட்டி நிற்கும். 140-க்கு இழுத்துப் பிடி. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கின மாதிரி வரும். ஜூன் அங்கே குளிர்காலம். நடுப்பகலிலும் சூரியன் 34 பாகைக்கு மேல் ஏறாது. நம்ம ஊரில் உச்சி வெயிலில் கேமராவை மூடி வைப்போமே, அங்கே அது வேண்டாம்.

நிறைய வீடுகளுக்கு வெளிச்சுவர் நெளித்தகரம். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைத்தான் அந்தக் காலத்தில் அடித்தார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். நம்ம கடப்புறத்தில் வள்ளத்துக்கு அடித்த மிச்சத்தை ஜன்னலுக்கு அடிப்போம் இல்லையா, அதே கதைதான். எனக்கு அந்த ஊர் ஒட்டிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே ஏற அசென்சோர் என்று சாய்வுத் தண்டவாளத்தில் ஓடும் பெட்டி உண்டு. கிணற்றுக் கப்பியில் ரெண்டு வாளி மாதிரி, ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். கொன்செப்சியோன் மலையில் இருப்பது 1883-இல் வந்தது, அதுதான் மூத்தது. பழுதுபார்க்க மூடியிருந்தால் படிக்கட்டில் நட. நடக்கும்போதுதான் படம் கிடைக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் படிக்கட்டு பொதுவழி என்றாலும் வீட்டுக்காரர்களுக்கு அது திண்ணை மாதிரி. துணி அங்கேதான் காயும், கிழவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். ரெண்டாவது தடவை, நாலைந்து தெருநாய்களோடு படியில் இருந்த பெரியவர் ஒருவரிடம் "புவேதோ சகார் உனா ஃபோட்டோ?" என்று கேட்டேன். படம் எடுக்கலாமா என்று அர்த்தம். தலையாட்டினார், எடுத்தேன். அந்தப் படத்தை நாகர்கோவிலில் பிரின்ட் போட்டு அடுத்த பயணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டார். கீழே துறைமுகம், கிரேன், நடுவில் என் கப்பல். ஜன்னல் விளிம்பில் அவர் சாப்பிட்டு வைத்த கோப்பை. முப்பத்தொரு வருஷத்தில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

வடசேரி ஸ்டுடியோ:

அண்ணே, அருமை. தம்பிக்கு நான் சொல்வது ரெண்டு. தகரச் சுவரும் கடலும் பளபளக்கும், அந்தப் பளபளப்பைக் குறைக்க போலரைசர் என்ற ஃபில்டர் ஒன்று வாங்கி 18-140-இல் போட்டுக்கொள். இன்னொன்று, ராத்திரி மலை முழுக்க விளக்கு எரிவதைக் கப்பலில் இருந்தே எடுக்க ஆசை வரும். டெக்கில் டிரைபாட் வைத்தால் ஜெனரேட்டர் அதிர்வில் படம் நடுங்கிவிடும். கையில் பிடித்து ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) கூட்டு, கொஞ்சம் பொரிப்பொரியாக வந்தாலும் தாங்கும்.

கடியபட்டணத்தான்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. படகு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ரெண்டு சந்தேகம். ஜூனில் அங்கே மழை என்கிறார்களே? அப்புறம், கேமரா பறிபோகுமா?

முட்டத்து போசன்:

மழைக்காலம்தான். ஆனால் நம்ம ஊர் ஜூன் மாதிரி நாள்கணக்கில் ஊற்றாது. மழை விட்ட உடனே போ, தகரம் கழுவினாற்போல் நிறம் காட்டும். ஜூனில் சூரியன் வடமேற்கே கடலில் இறங்கும், கோடையில் என்றால் பிளாயா அஞ்சா மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆறு மணிக்கு முன்பே அஸ்தமனம், அதனால் நாலரைக்கே இடம் பார்த்துவிடு.

கேமரா விஷயத்தில் கவனம் தேவை. ஆளில்லாத படிக்கட்டில் என் தோள்பையை ஒருத்தன் இழுத்தான், வார் அறுந்தது, பை தப்பியது. கழுத்தில் தொங்கப்போடாதே, எடுத்ததும் உள்ளே வை, தனியாகப் போகாமல் கப்பல்காரன் ஒருத்தனைச் சேர்த்துக்கொள். துறைமுக வேலிக்குள் கேமராவை எடுக்காதே. 2004-இல் ஐ.எஸ்.பி.எஸ். என்ற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதி வந்த பிறகு கெடுபிடி அதிகம்.

கடியபட்டணத்தான்:

சரி அண்ணே. போகும் முன்னே அந்த ஜன்னல் படத்தைப் பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை 50 லென்ஸோடு முட்டம் வரவா?

முட்டத்து போசன்:

நாலு மணிக்கு வா. கலங்கரை விளக்கப் பக்கம் நிற்பேன். மேட்டுத்தெருவில் எனக்குத் தெரிந்த வீடுகள் இருக்கின்றன, கேட்டு எடுக்க அங்கேயே பழகிக்கலாம். மழை பெய்தாலும் வா.